பேய்க்கதையும் தேசத்தின் சொத்தே

ஒரு தேசம் தன்னுடைய செல்வங்கள் எவையென்று கணக்கெடுக்கும்போது கோயில்களையும் கோட்டைகளையும் காவியங்களையும் முதலில் எழுதிக்கொள்ளுவது வழக்கம். பாட்டிமார் இரவில் சொன்ன பேய்க்கதைகளையும், தேநீர்க் கடையில் கயிற்றில் தொங்கும் மர்ம நாவல்களையும் அந்த ஜாபிதாவில் சேர்க்கவேண்டும் என்று எவரேனும் சொன்னால், கற்றறிந்தோர் புன்னகை செய்து அப்பால் செல்வர். அப்புன்னகை சரியானதல்ல என்பது நமது அபிப்பிராயம். ஜனங்கள் எதற்கு அஞ்சினார்கள், எந்த அநியாயத்தை மறக்க மறுத்தார்கள், எந்தப் பழியை அரசன் தீர்க்காதபோது ஆவியாவது தீர்க்கவேண்டும் என்று விரும்பினார்கள் என்பவற்றைச் சாசனங்கள் சொல்லமாட்டா, இக்கதைகளே சொல்லும். இவற்றை நல்ல காகிதத்தில் அச்சிட்டு, நல்ல கட்டடம் செய்து, வீட்டு அலமாரியில் வைத்துப் போற்றத்தக்க நூல்களாக வெளியிடும் காரியத்தை நமது சென்னை நகரில் ஒரு சிறு பிரசுராலயம் 2008-ஆம் ஆண்டு முதல் செய்து வருகிறது. அதைப் பாராட்டுவதற்கும், அதை முன்னிட்டு நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுவதற்கும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இரண்டு பட்டினப்பாக்கங்கள்

சிலப்பதிகாரம் கற்றோருக்குப் பட்டினப்பாக்கம் என்னும் பெயர் புதியதல்ல. காவிரிப்பூம்பட்டினம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாக விளங்கியதை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அந்நகரிலே ஐந்து மன்றங்கள் இருந்தன என்றும், அவற்றுள் ஒன்றான பூதசதுக்கத்தில் வாழ்ந்த பூதம், பொய்த்தவ வேடத்தாரையும் பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் பிறர்மனை விரும்புவோரையும் நேர்மை தவறிய அமைச்சரையும் பாசத்தால் கட்டிப் புடைத்துண்ணும் என்றும் அவர் கூறுகிறார். பூதத்துக்குக் காவியத்திலே இடம் கொடுப்பது இழுக்கென்று அவர் எண்ணவில்லை. நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தப்பிய குற்றவாளியும் பூதத்தின் கைக்குத் தப்பமாட்டான் என்னும் ஜனங்களின் நம்பிக்கை, நகரத்தின் தர்மத்தை விளக்குவதற்கு இன்றியமையாதது என்று அப்பெரும் புலவர் கருதியிருக்க வேண்டும்.

நமது சென்னையின் பட்டினப்பாக்கம் சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தையொட்டி இருக்கிறது. புகாரின் பட்டினப்பாக்கத்திலே அரசரும் பெருவணிகரும் வாழ்ந்தார்கள். இந்தப் பட்டினப்பாக்கத்திலே மீனவரும் உழைப்பாளிகளும் வாழ்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை இங்கே உயிர்களைக் கொண்டுபோயிற்று. கடல் கரையை அரித்து வீடுகளை விழுங்குவது இப்பகுதியாருக்குப் பலமுறை நேர்ந்த துன்பம்.

இக்கழிமுகத்தில் ‘உடைந்த பாலம்’ என்று எல்லோரும் அழைக்கும் ஒரு பாலம் நிற்கிறது. ஆற்றின் இருகரை மீனவரும் போக்குவரத்துச் செய்யும்பொருட்டு 1967-ஆம் ஆண்டு அது கட்டப்பட்டது. 1977-ஆம் ஆண்டு அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அன்று முதல் ஆற்றின் நடுவே முறிந்த கையைப்போல் அது நீட்டிக்கொண்டு நிற்கிறது. இருட்டிய பின் அங்கே போகக்கூடாது, அழுகுரல் கேட்கும், உருவம் தோன்றும் என்று நகரத்தில் பலரும் கதை சொல்லுகிறார்கள். பத்தே ஆண்டுகளில் ஒரு பாலம் ஏன் விழுந்தது, அதை நம்பியிருந்த ஏழைகளுக்கு வேறு பாலம் ஏன் கட்டப்படவில்லை என்ற கேள்விகளை இன்று கேட்பார் அரியர். ஆனால் பேய் இருக்கிறதா என்று கேட்பவர் ஏராளம். பாலத்தை ஜனங்களின் ஞாபகத்தில் வைத்திருப்பது பொறியியல் அறிக்கையன்று, பேய்க்கதைதான். ஆழ்வார்பேட்டையில் டிமான்டி காலனியைப் பற்றி வழங்கிய கதைகளும் அத்தகையனவே. 2015-ஆம் ஆண்டு அதே பெயரால் ஒரு திரைப்படம் வெளிவந்து தமிழ்நாடு முழுவதும் அவ்விடத்தை அறிமுகப்படுத்திற்று. நகரத்துக்குக் கதைகள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் புஸ்தகங்கள் எங்கே என்பதுதான் கேள்வி.

ஒரு சிறு பிரசுராலயத்தின் கதை

பிளாஃப்ட் பப்ளிகேஷன்ஸ் என்னும் அச்சிறு ஸ்தாபனத்தை ராகேஷ் கன்னா, ரஷ்மி ரூத் தேவதாசன், காவேரி லால்சந்த் என்னும் மூவர் தொடங்கினார்கள். அவர்களுள் ராகேஷ் கன்னா அமெரிக்காவில் வளர்ந்தவர். சென்னைக்கு வந்தபோது தேநீர்க் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் அட்டைப் படங்கள் அவர் கண்ணைக் கவர்ந்தன. துப்பாக்கி ஏந்திய நங்கையும், மண்டையோடும், மாந்திரிகனும், இரத்தத் துளியும் நிறைந்த அவ்வட்டைகளுக்குள் என்னதான் இருக்கிறது என்று அறிய ஆவல் கொண்டார். நாம் தினந்தோறும் பார்த்துக்கொண்டே கடந்து செல்லும் ஒரு பொருளை, புதிதாக வந்தவர் நின்று பார்த்தார். அதன் பயனாக 2008-ஆம் ஆண்டு தமிழ் ஜனரஞ்சகக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. நாடகக் கலைஞரும் மொழிபெயர்ப்பாளருமான ப்ரீதம் சக்ரவர்த்தி கதைகளைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்தார். பத்து ஆசிரியர்களின் பதினேழு கதைகள் அதில் அடங்கின. 1977-இல் மறைந்த தமிழ்வாணன் முதல் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ரமணிசந்திரன், இந்திரா சௌந்தர்ராஜன் வரையில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் படித்த எழுத்தாளர்கள் தமிழறியாத வாசகர்களின் கைக்குச் சென்றார்கள்.

அத்தொகுப்பின் இரண்டாம் பாகம் 2010-இலும், மூன்றாம் பாகம் 2017-இலும் வெளிவந்தன. இரண்டாம் பாகத்தில் இந்திரா சௌந்தர்ராஜனின் கோட்டைப்புரத்து அரண்மனைக் கதை இடம்பெற்றது. ஜமீன் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சாபம் அதன் பொருள். 2024-ஆம் ஆண்டு மறைந்த அவ்வாசிரியர், குலதெய்வமும் சாபமும் சித்தர் ரகசியமும் கலந்த கதைகளால் தமிழில் ஒரு தனிவழியை வகுத்தவர். ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரை நேயர்களில் பலர் நினைவு வைத்திருப்பர்.

கரிசல் நாட்டுப் பெரியவர் கி. ராஜநாராயணன் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளை 2009-ஆம் ஆண்டு மருதுவின் சித்திரங்களோடு இப்பிரசுராலயம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. உருது மொழியில் துப்பறியும் கதைகளால் பெரும்புகழ் பெற்ற இப்னே ஸஃபியின் நாவல்கள் நான்கை, மறைந்த பேரறிஞர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி மொழிபெயர்க்க வெளியிட்டது. மிஸோ ஜாதியாரின் புராணக் கதைகளும், குஜராத்தி ஜனரஞ்சகக் கதைகளும் அதன் பட்டியலில் உள்ளன. 2024-ஆம் ஆண்டு சாதிக்கொடுமையை எதிர்க்கும் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளின் தொகுப்பொன்றையும் வெளியிட்டது. இவை யாவற்றுக்கும் சிகரமாக, இந்தியாவின் பேய்கள், அரக்கர்கள், பூதங்கள் ஆகியவற்றை அகராதி முறையில் தொகுத்த பெருநூல் 2020-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜே. ஃபர்ஸிஃபர் பைரவ் என்ற பெயரில் எழுதுபவரும் ராகேஷ் கன்னாவும் அதன் ஆசிரியர்கள். வடநாட்டுச் சுடைலையும், வங்காளத்தில் இரவிலே பெயர் சொல்லி அழைக்கும் நிஷியையும், மலையாளத்து யட்சியையும் ஒரே நூலுக்குள் சித்திரங்களோடு காணும்போது, இத்தேசத்தின் ஒற்றுமைக்கு இதுவும் ஒரு விதமான அத்தாட்சி என்றே நமக்குத் தோன்றுகிறது. பாஷை வேறு, உடை வேறு, உணவு வேறு. ஆனால் பிரசவத்தில் மாண்ட பெண்ணின் ஆவி வழி மறிக்கும் என்ற கதை வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. அந்தப் பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமற்போனோம் என்ற குற்றவுணர்ச்சியும் எங்கும் ஒன்றே.

காகிதமாய்ப் போன கதைகள்

மாத நாவல் என்னும் பண்டத்தின் வாழ்க்கையைச் சற்று ஆராய்வோம். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சாகி, பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் சில ரூபாய்க்கு அது விற்கிறது. மாதம் முடிந்தால் அடுத்த நாவல் வந்துவிடும். பழையது எடைக்குப் போய்விடும். காகிதம் சில ஆண்டுகளில் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிந்துவிடுகிறது. ராஜேஷ்குமார் ஒருவரே ஆயிரத்தைந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதியவர் என்பர். அவை அனைத்தையும் ஒரே இடத்தில், முதற்பதிப்பின் அட்டையோடு, ஓர் ஆராய்ச்சி மாணவன் கண்டுவிட முடியுமா என்று எண்ணிப்பார்த்தால் நிலைமை விளங்கும். அட்டைகளைத் தீட்டிய சித்திரக்காரர்களின் நிலை இன்னும் பரிதாபம். எழுத்தாளர் பெயராவது அட்டையில் கொட்டை எழுத்தில் நிற்கும். சித்திரக்காரர் பெயர் ஓரத்தில் ஒரு சிறு கையொப்பமாக ஒதுங்கிவிடும்.

பேய்க்கதைகள் தமிழுக்கு நேற்று வந்த சரக்கு அல்ல. ஜயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களைக்கொண்டே போர்க்களத்தைப் பாடினார். காரைக்காலம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டார். மணிமேகலையில், சுடுகாட்டைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலன் என்னும் சிறுவனுடைய வரலாறு வருகிறது. அச்சுயந்திரம் பரவிய காலத்திலே விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் பெரிய எழுத்துப் புஸ்தகங்களாக அச்சிடப்பட்டு, இரத்தின நாயகர் முதலானோர் கடைகளிலிருந்து திருவிழாக்கள்தோறும் சென்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற விவசாயி முதலில் வாங்கிய புஸ்தகம் பல இடங்களில் வேதாளத்தின் புஸ்தகமாகவே இருந்திருக்கும். பண்டித நடேச சாஸ்திரியார் 1880-களிலேயே தென்னாட்டுக் கதைகளைத் திரட்டி வெளியிட்டார். பின்னர் வந்த ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் மர்ம நாவலைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தார்கள்.

புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுவோம். 1906-இல் பிறந்து 1948-இல் மறைந்த அம்மேதை, தேசியத் தினசரியொன்றின் ஆசிரியர் குழுவில் பணி செய்துகொண்டே ‘காஞ்சனை’ போன்ற கதையை எழுதினார். ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘செவ்வாய் தோஷம்’, ‘வேதாளம் சொன்ன கதை’ என்பனவும் அவருடையவை. மேரி ஷெல்லி அம்மையாரின் பிராங்கென்ஸ்டைன் கதையைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கியவரும் அவரே. தமிழ்ச் சிறுகதையின் சிகரம் என்று யாவரும் போற்றுபவர் பேய்க்கதையை எழுதுவதால் தம் மதிப்புக் குறையும் என்று நினைக்கவில்லை. அவ்வாறு நினைத்தவர்கள் அவருக்குப் பின் வந்த விமர்சகர்களே.

அன்னிய நாட்டார் செய்தது

மேல்நாடுகளில் இத்தகைய கதைகள் எங்ஙனம் காப்பாற்றப்பட்டன என்பதை அறிவது பயன்தரும். அமெரிக்காவில் லவ்கிராஃப்ட் என்பவர் மலிவான மாதப் பத்திரிகைகளில் பயங்கரக் கதைகள் எழுதி, வறுமையில் 1937-ஆம் ஆண்டு இறந்தார். புகழ்பெற்ற பிரசுரகர்த்தர்கள் அவர் கதைகளைப் புஸ்தகமாக்க முன்வரவில்லை. அவருடைய நண்பர்களான ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் 1939-இல் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஸாக் சிட்டி என்ற சிற்றூரிலே ஆர்க்கம் ஹவுஸ் என்னும் பிரசுராலயத்தைத் தாங்களே தொடங்கினார்கள். வீடு கட்டுவதற்கென்று வாங்கிய கடனை டெர்லெத் அச்சுக் கூலிக்குத் திருப்பினார். 1,268 பிரதிகள் அச்சிட்டார்கள். விலை 5 டாலர். அவை விற்றுத்தீர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இன்று அந்த முதற்பதிப்பின் ஒரு பிரதிக்குப் புஸ்தகச் சேகரிப்பாளர் ஆயிரக்கணக்கான டாலர் தருகின்றனர். லவ்கிராஃப்ட் உலகெங்கும் படிக்கப்படுகிறார். இரு நண்பர்களின் பிடிவாதம் இல்லாவிடில் அவர் எழுத்து அந்தப் பழுப்புக் காகிதத்தோடு மறைந்திருக்கக்கூடும்.

இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டு தொடங்கிய டார்ட்டரஸ் பிரஸ்ஸும், அயர்லாந்தின் டப்ளின் நகரில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்வான் ரிவர் பிரஸ்ஸும் அதே வழியில் செல்லுகின்றன. சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிடுவது, நல்ல துணிக் கட்டடம் செய்வது, புஸ்தகக் கடைகளின் தரகை நம்பாமல் வாசகருக்கு நேரே தபாலில் அனுப்புவது, ஒரு புஸ்தகத்தின் வரவைக்கொண்டு அடுத்த புஸ்தகத்துக்குக் காகிதம் வாங்குவது ஆகியவையே இத்தகைய சிறு பிரசுராலயங்களின் வியாபார ரகசியம். பெருங்கம்பெனிக்கு ஐயாயிரம் வாசகர் கிடைத்தாலும் நஷ்டம். இவர்களுக்கு ஐந்நூறு வாசகர் உறுதியாக நின்றால் போதும். ஆகவே எவரும் நினைக்காத, மறந்துபோன ஓர் ஆசிரியரை மீண்டும் அச்சேற்றும் துணிவு இவர்களுக்கே உண்டாகிறது. ஒழுங்காகக் கட்டிய புஸ்தகத்தை எவரும் எடைக்குப் போடுவதில்லை. சேகரிப்பாளனுடைய ஆசையும் அவ்வாறே ஒரு தொண்டாகிவிடுகிறது.

நமது தேசத்திலேயே இதற்கு உயர்ந்த உதாரணம் இருக்கிறது. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலத்தில், 1907-ஆம் ஆண்டு, தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் என்னும் வங்காளி கிராமங்களில் திரிந்து பாட்டிமார் சொன்ன கதைகளைத் திரட்டி ‘தாகுர்மார் ஜுலி’ என்ற நூலை வெளியிட்டார். அரக்கிகளும் மாயக்காரிகளும் நிறைந்த அந்நூலுக்கு ரவீந்திரநாத் தாகூர் முன்னுரை எழுதினார். பாட்டியின் கதைப் பையைக்காட்டிலும் சுதேசியான சரக்கு வேறு உண்டோ என்ற கருத்தை அம்மகாகவி அதிலே வெளியிட்டார். அன்னிய நாட்டுத் துணியைப் பகிஷ்கரித்தவர்கள் அன்னிய நாட்டுக் கதையை மட்டும் குழந்தைகளுக்கு ஊட்டலாமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. வங்காளத்தில் அந்நூல் இன்றளவும் வீட்டுக்கு வீடு வழங்குகிறது.

மூன்று ஆட்சேபங்கள்

இவ்விஷயத்தில் எழும் ஆட்சேபங்களை மறைக்காமல் எடுத்து ஆராய்வது நமது கடமை.

பேய்க்கதைகளை அச்சிடுவது மூடநம்பிக்கையை வளர்ப்பதாகாதா என்பது முதல் ஆட்சேபம். இதைச் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். பேயோட்டுகிறேன் என்று பெண்களைச் சவுக்கால் அடிப்பதும், நோயாளியை வைத்தியரிடம் அனுப்பாமல் மாந்திரிகனிடம் அனுப்புவதும் ஒழிக்கப்படவேண்டிய கொடுமைகள். இதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் கதை வேறு, கொடுமை வேறு. பேயைக் காட்டிக் காசு பறிப்பவனுக்கு இருட்டுத்தான் மூலதனம். எல்லா மாகாணத்துப் பேய்களையும் அகர வரிசையில் நிறுத்தி, இன்ன ஊரில் இன்ன காரணத்தால் இக்கதை தோன்றியது என்று எழுதிவிட்டால், அவனுடைய மூலதனம் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. அகராதியில் ஏறிய பேய் ஒருவரையும் பிடிக்காது.

அன்றியும் நம்முடைய பேய்கள் யார்? பழையனூர் நீலியை நினைத்துப்பாருங்கள். கணவனால் கொல்லப்பட்ட பெண், பேயாய் வந்து பழிதீர்த்தாள். அவனுயிருக்குப் பிணையாக வாக்களித்த வேளாளர் எழுபதின்மர் சொன்ன சொல் தவறாமல் உயிர்கொடுத்தார்கள் என்பது கதை. கொலையுண்டவளின் வழக்கும், கொடுத்த வாக்கின் பெருமையும் ஒரே கதையில் நிற்கின்றன. தென்பாண்டி நாட்டு இசக்கியும் அநியாயமாக மாண்டவளே. முத்துப்பட்டன் பிராமணனாய்ப் பிறந்து சக்கிலியப் பெண்களை மணந்து, ஆநிரை கவர்ந்தவரோடு போரிட்டு மாண்டவன். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இவர்களைக் கொன்றவர்களின் பெயர் மறைந்துபோயிற்று, கொல்லப்பட்டவர்கள் தெய்வமானார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள், நீதிஸ்தலம் கேட்காத தங்கள் வழக்கை இக்கதைகளிலே பதிவு செய்து வைத்தார்கள். இவற்றை மூடத்தனம் என்று தள்ளிவிட்டால் அவ்வேழைகளின் சாட்சியத்தை இரண்டாம் முறையாகத் தள்ளியவர்கள் ஆவோம். பகுத்தறிவில் உறுதிகொண்டிருந்த பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைப்பாடல்களை அரும்பாடுபட்டுப் பதிப்பித்தது அதனாலேதான் என்பதை மறக்கலாகாது.

சேகரித்து வைக்கத்தக்க அழகிய பதிப்பு என்றால் விலையும் அதிகமாகத்தானே இருக்கும், அது பணக்காரனுடைய பொழுதுபோக்கு அல்லவா என்பது இரண்டாவது ஆட்சேபம். மாத நாவலைப் படித்தவன் ஆட்டோக்காரன், மில் தொழிலாளி, வேலை முடித்து வீடு திரும்பும் நர்ஸ். அவர்கள் கையிலிருந்த கதையைப் பட்டுக் குஞ்சம் கட்டிச் சீமான்களின் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவது நியாயமா? இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் மலிவுப் பதிப்பு கதையைப் பரப்பும். கட்டடப் பதிப்பு கதையைக் காக்கும். இரண்டும் வேண்டும். வயலில் விதைப்பது ஒரு பங்கு, குதிரில் வைப்பது ஒரு பங்கு என்று நம் விவசாயி செய்வதில்லையா? குதிரில் வைத்த நெல்லை அவன் பணக்கார நெல் என்று பழிப்பதில்லை. பொது நூல்நிலையம் அக்குதிருக்குச் சாவி. சுதந்திர இந்தியாவிலே முதலாவதாகப் பொது நூல்நிலையச் சட்டத்தை 1948-ஆம் ஆண்டு இயற்றிய மாகாணம் நம்முடையது. இத்தகைய பதிப்புகளை ஜில்லா நூல்நிலையங்கள் வாங்கி வைக்குமானால், ஐந்நூறு பிரதிகள் ஐம்பதினாயிரம் கண்களுக்குப் போதும்.

மூன்றாவது ஆட்சேபமே கனமானது. தமிழ்க் கதைகள் ஆங்கிலத்தில் அழகாக வந்தால் தமிழனுக்கு என்ன லாபம்? பிளாஃப்ட் வெளியிட்ட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தங்களால் இயன்ற காரியத்தை அவர்கள் செய்தார்கள். அதைக் குறை சொல்லுவதற்கு நாம் ஒருப்படோம். மற்ற மாகாணத்தாரும் அன்னிய தேசத்தாரும் நம்மை அறிய அதுவே வழி. வெட்கப்படவேண்டியவர்கள் நாமே. ராஜேஷ்குமாரின் கதையை நல்ல காகிதத்தில், ஆசிரியரைப் பற்றிய குறிப்போடும் அட்டைச் சித்திரக்காரரின் பெயரோடும் படிக்க விரும்பும் ஒருவன் ஆங்கிலப் புஸ்தகத்தைத் தேடவேண்டியிருக்கிறது என்றால், தன் வீட்டு நெல்லைப் பக்கத்து ஊர்ச் சந்தையில் விலைக்கு வாங்கியதாகவே ஆகிறது. தமிழில் படக்கதைகளின் விஷயத்தில் இந்தக் குறை ஒருவாறு நீங்கியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு சிவகாசியில் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. 1984-இல் லயன் காமிக்ஸ் தொடர்ந்தது. சிறுவயதில் அவற்றைப் படித்தவர்கள் வளர்ந்து, சந்தா அனுப்பி, சிறப்பிதழ்களை வாங்கிச் சேகரித்து, அத்தொழிலைத் தாங்கி நிற்கின்றனர். தமிழ் வாசகன் பணம் கொடுக்கமாட்டான் என்று சொல்லுவோருக்குச் சிவகாசியே பதில்.

செய்ய வேண்டியவை

இனிச் செய்ய வேண்டிய காரியங்களைச் சொல்லுவோம். முதலாவது, தமிழிலேயே அமானுஷ்யக் கதைகளின் தொகுப்புகள் நல்ல முறையில் வெளிவரவேண்டும். நடேச சாஸ்திரியார் காலம் முதல் இந்திரா சௌந்தர்ராஜன் காலம் வரையிலான கதைகளைக் கால வரிசையாக நான்கைந்து பாகங்களாகத் திரட்டினால், அது தமிழ் ஜன சமூகத்தின் அச்சங்களுக்கும் ஆசைகளுக்கும் ஒரு சரித்திரமாக விளங்கும். வாசகர்களிடம் முன்பணம் பெற்றுக் குறிப்பிட்ட பிரதிகளை அச்சிடும் முறையில் இதைச் செய்யலாம். அதற்குப் பெருமுதல் தேவையில்லை. ஆர்க்கம் ஹவுஸுக்கு இருந்தது இருவருடைய பிடிவாதமும் ஒரு வீட்டுக் கடனும் மட்டுமே.

இரண்டாவது, பழைய மாத நாவல்களைத் தேடிக் காக்கவேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சுப் பிரதிகளே, அவர் மறைந்த பின் 1994-ஆம் ஆண்டு சென்னையில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பண்டிதர்கள் ஒதுக்கிய துண்டுப் பிரசுரங்களையும் நோட்டீசுகளையும் அவர் ஒதுக்கவில்லை. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி பிரசுரகர்த்தர்கள் தங்கள் நூலின் பிரதியைக் கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்கு அனுப்பவேண்டும். சட்டம் கேட்பது ஒரு பிரதியை. அன்பு கேட்பது ஒவ்வொரு பிரதியையும். வீட்டுப் பரணில் பழைய நாவல்களை வைத்திருப்பவர்கள், எடைக்காரனைக் கூப்பிடுமுன் ஒரு நூலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்பார்களாக.

மூன்றாவது, இன்னும் அச்சேறாத கதைகளைப் பற்றியது. பட்டினப்பாக்கம் போன்ற கடற்கரைக் குப்பங்களிலே, கடலில் போனவர் திரும்பாத கதைகளும், அலையின்மேல் விளக்குத் தெரிந்த கதைகளும், கரைகாக்கும் தெய்வங்களின் கதைகளும் முதியோர் வாயில் வாழ்கின்றன. கடல் அரித்தும் வீடு மாற்றியும் ஜனங்கள் இடம்பெயரும்போது, கதை சொல்லும் இடமும் கேட்கும் கூட்டமும் கலைந்துவிடுகின்றன. நகரத்தின் மறுகோடிக்குக் குடியேற்றப்பட்டவன் தன் பாய், பாத்திரங்களை எடுத்துச்செல்லுவான். மணலில் உட்கார்ந்து கதை கேட்ட இரவுகளை எதில் கட்டி எடுத்துச்செல்லுவான்? நம் கல்லூரி மாணவர்கள் விடுமுறையிலே ஒரு குறிப்புப் புஸ்தகத்தோடு அங்கே சென்று, சொன்னவர் சொன்னபடியே எழுதி வருவார்களானால், அது பட்டத்துக்கு எழுதும் எந்தக் கட்டுரைக்கும் தாழ்ந்ததாகாது. கி. ராஜநாராயணன் கல்லூரியில் படித்துவிட்டு இத்தொண்டைத் தொடங்கவில்லை. காதைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

புகார் நகரைக் கடல் கொண்டது. சதுக்கப் பூதத்தின் சதுக்கமும் அதனோடு போயிற்று. ஆயினும் பொய்ச்சாட்சி சொல்பவனைப் பூதம் விடாது என்று அந்நகரத்து ஜனங்கள் நம்பியதை நாம் இன்றும் அறிவோம். ஒருவர் அதை ஏட்டில் எழுதினார், பலர் அந்த ஏட்டை மறுபடி மறுபடி பிரதிசெய்து காத்தனர், உ. வே. சாமிநாதையர் 1892-ஆம் ஆண்டு அதை அச்சேற்றினார். கற்பித்தவர், காத்தவர், பதிப்பித்தவர் என்னும் மூவரில் எவர் தவறியிருந்தாலும் அப்பூதம் நமக்கு இல்லை. நம்முடைய காலத்துக் கதைகளைக் கற்பித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிறு பிரசுராலயம் தன்னால் ஆனமட்டும் பதிப்பித்திருக்கிறது. காக்கவேண்டிய பொறுப்பு வாசகர்களாகிய நம்முடையது. அதைச் செய்வதற்குப் பேயில் நம்பிக்கை வேண்டியதில்லை. தமிழில் அபிமானமும், ஒரு அலமாரியில் ஒரு சாண் இடமும் இருந்தால் போதும்.